சும்மா இருக்க வேண்டிய பறவை

பாடக் கூடாத பறவை அன்று காலை பாடிவிட்டது.

அதுவும் ஏனோதானோவென்று இல்லை. ஒரு கீச்சலில் சுருதி பார்த்து, கழுத்து இறகெல்லாம் சிலிர்க்க, அட்வான்ஸ் வாங்கிய பாடகியைப் போல நீட்டி முழக்கிப் பாடியது. கூண்டுக்கு முன்னால் விதைக் கிண்ணத்தோடு நின்ற டாக்டரம்மா, குனிந்து அதன் கால் வளையத்தின் நிறத்தை இரண்டு தடவை பார்த்தாள்.

அவள் இன்னும் டாக்டர் ஆகவில்லை. ஆய்வேட்டை எழுதிக் கொடுத்து, வாய்மொழித் தேர்வுக்கு நாளும் குறித்தாயிற்று. அதில் தேறினால்தான் முனைவர் பட்டம். ஆனால் வீட்டிலும் தெருவிலும் பால் வாங்கும் கடையிலும் அவளை டாக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்து வருஷக்கணக்காகிறது. எதிர்வீட்டுக்காரர் போன வாரம்தான் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக் காட்டி, இந்த வீக்கம் வடியுமா என்று கேட்டார். குருவிக் கால் என்றால் சொல்லலாம், மனுஷக் கால் பழக்கமில்லை என்றாள். அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

ஆய்வேட்டின் சாரம் கொஞ்சம்தான். கேனரிக் குருவிகளில் ஆண் பாடும். பெண் பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டிருக்கும். பெண் பாடாததற்குக் காரணம் பாட வராதது இல்லை, பாடு என்று யாரும் சொல்லாததுதான். அதன் மூளையிலும் பாட்டுக்கென்று ஒரு மூலை இருக்கிறது. அங்கே உயிரணுக்களுக்குள் ஏற்பிகள் என்று சில புரதங்கள் உட்கார்ந்திருக்கின்றன. மேலிடத்து உத்தரவு வரும்வரை பேனா மூடியைக்கூடத் திறக்காத குமாஸ்தாக்களைப் போன்றவை அவை. டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் ரத்தத்தோடு வந்து கையைப் பிடித்ததும்தான் குமாஸ்தா எழுந்து உள்ளறைக்குப் போவார். மரபணு அலமாரியைத் திறப்பார். தூசி தட்டிப் பாட்டுக் கோப்பைப் பிரிப்பார். பிறகு நரம்பு முளைக்கும், இணைப்பு வலுக்கும், குருவி பாடும். அந்த ஆண் ஹார்மோனில் ஒரு பகுதி மூளைக்குள் போனதும் வேஷம் மாறிப் பெண் ஹார்மோனாகி, பக்கத்து மேசைக் குமாஸ்தாவை எழுப்பும் என்பது கூடுதல் வேடிக்கை. பெயர்ப்பலகையை வைத்து யாரையும் எடைபோட வேண்டாம் என்று அவள் அந்த அத்தியாயத்தை முடித்திருந்தாள். அவளுடைய ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர் அந்த வரியை மட்டும் அடித்துவிட்டார்.

இதை நிரூபிக்க, பெண் குருவிகளில் பாதிக்குத் தோலுக்கடியில் ஹார்மோன் நிரப்பிய சின்னக் குழாயை வைத்தாள். மீதிக்கு அதே குழாய், காலியாக. முதல் கூட்டத்துக்கு ஆய்வகத்தில் மருந்துப் பறவைகள் என்று பெயர். இரண்டாவது கூட்டத்துக்குச் சும்மாப் பறவைகள். மருந்துப் பறவைகள் பாடின. சும்மாப் பறவைகள் பெயருக்கேற்றபடி சும்மா இருந்தன. ஆய்வேட்டில் பாட்டு பாதி என்றால் அந்த மௌனம் மறுபாதி. அந்த மறுபாதியைத்தான் காலில் நீல வளையம் மாட்டிய நீலக்கால் என்கிற சும்மாப் பறவை இப்போது தொண்டை கிழியக் கிழித்துக்கொண்டிருந்தது.

வாரம் முடிவதற்குள் சிவப்புக்காலும் வெள்ளைக்காலும் பின்பாட்டுக்கு வந்து சேர்ந்தன.

டாக்டரம்மா முதலில் குருவியைத்தான் சந்தேகப்பட்டாள். ஆணைப் பெண் என்று தலையில் கட்டிவிட்டார்களோ என்று ஓர் இறகைப் பிடுங்கிப் பரிசோதித்தாள். சுத்தமான பெண். பிறகு ரத்தத்தைப் பார்த்தாள். அதில் ஆண் ஹார்மோன் இருந்தது. இருக்கவே கூடாத அளவுக்கு இருந்தது. முடிவைக் கையில் எடுத்துக்கொண்டு பேராசிரியரின் அறைக்குப் போனாள்.

பேராசிரியர் கொஞ்ச காலமாக ஆளே மாறியிருந்தார். முன்பெல்லாம் அவர் முகத்தைப் பார்த்தால் யாரோ வீட்டில் இழவு விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு புதிதாக வருகிறவர்கள் துக்கம் விசாரிப்பார்கள். இப்போது லிப்ட் பக்கமே போவதில்லை. படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். தாழ்வாரத்தில் சீட்டியடித்தார். முந்தின நாள் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டு வந்து, நீட்டிய விடுப்புக் கடிதங்களையெல்லாம் படிக்காமலே கையெழுத்துப் போட்டுத் தள்ளினார்.

"சார், சும்மாப் பறவை மூணு பாடுது."

"அப்படியா? நல்லா பாடுதா?"

"நல்லாத்தான் சார் பாடுது. அதுதான் பிரச்சனையே."

அவர் முடிவை வாங்கிப் பார்த்தார். புருவம் கொஞ்சம் ஏறியது, இறங்கியது. "குழாயை மாத்தி வெச்சிருப்பீங்கம்மா. காலி எது, மருந்து எதுன்னு கை தவறியிருக்கும்."

"நான் மாத்தலை சார்."

"மாத்துறவங்க யாரும் மாத்தறோம்னு தெரிஞ்சு மாத்தறதில்லையே." அவர் சிரித்தார். "ஒண்ணும் குடி முழுகிடலை. தேர்வைத் தள்ளி வெச்சுட்டு முதல்லேருந்து இன்னொரு தடவை பண்ணிடலாம். ரெண்டு மூணு வருஷம் ஓடறதே தெரியாது."

பழைய பேராசிரியர் என்றால் கத்தியிருப்பார், அவளும் அழுதிருப்பாள், கணக்கு தீர்ந்திருக்கும். சிரித்துக்கொண்டே தூக்கில் போடுகிறவரிடம் எந்தப் பக்கம் திரும்பி அழுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. நன்றி சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். எதற்கு நன்றி என்று படியிறங்கும்போதுதான் யோசித்தாள்.

மறுநாள் காலை பறவை அறைக்குள் நுழைந்தபோது, கூண்டுகளைப் பராமரிக்கும் அண்ணன் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். விதை மூட்டைகளுக்குப் பின்னால் நின்று குரலைத் தாழ்த்தினார்.

"டாக்டரம்மா, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. ஐயா காலையிலயே போட்டுட்டு வர்றாரு."

"என்னத்தைப் போட்டுட்டு?"

"சரக்கை."

"சாரா? அவர் இருமல் மருந்துகூடக் குடிக்க மாட்டாரேண்ணே."

"நீங்க பாத்தீங்களா? நான் பாத்தேன். வந்ததும் ரூமை உள்பக்கம் தாழ் போட்டுக்கறாரு. கொஞ்ச நேரங்கழிச்சு வெளிய வந்தா கிட்டயே நிக்க முடியலை, ஸ்பிரிட் வாசனை மூக்கைத் தூக்குது. நேரா இங்க வர்றாரு. உள்ள புழுக்கம்னு சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டிட்டுப் பனியனோட நிக்கறாரு. குருவியைத் தோள்ல ஏத்தி வெச்சுட்டு, கண்ணே மணியேன்னு கொஞ்சறாரு. தண்ணி போடாதவன் எவனாச்சும் குருவிக்கு முத்தம் குடுப்பானா?"

"எந்தக் குருவியை?"

"சும்மாக் குருவிங்களைத்தான். மருந்துக் குருவியைத் தொடக்கூடாதுன்னு அவரே கதவுல எழுதி ஒட்டியிருக்காரே. இப்பதான் நீலக்காலைக் கொஞ்சிட்டு அந்தப் பக்கம் போனாரு."

டாக்டரம்மா நீலக்காலைக் கையில் எடுத்து மூக்குக்கருகே கொண்டுபோனாள். விதை வாசனை, இறகு வாசனை, அதற்கும் மேலே மெல்லிசாக ஸ்பிரிட் வாசனை.

"அண்ணே, இதுவும் அடிக்குதுண்ணே."

அண்ணனும் மோந்து பார்த்தார். மறுபடி ஒரு தடவை மோந்தார். "அதான் பாடுதோ என்னமோ," என்றார்.

ஆனால் சரக்கு உள்ளே போனால் உளறல் வரும், தள்ளாட்டம் வரும். ரத்தத்தில் ஆண் ஹார்மோன் எப்படி வரும்? அன்று முழுக்க அந்தக் கேள்வி காதுக்குள் புகுந்த கொசு மாதிரி அவளைப் படுத்தியெடுத்தது. அதோடேயே வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தாள்.

அம்மா மருந்துக்கடை வைத்திருப்பவள். கடையைச் சாத்தினாலும் கடை அவளை விடாது. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டுதான் பரிமாறுவாள். அன்றும் யாருக்கோ பாடம் நடந்துகொண்டிருந்தது.

"முதுகுல இல்லைங்க, தோள்ல. குளிச்சுத் துடைச்சுட்டு மெல்லிசா தடவுங்க. ஸ்பிரிட் வாசனை வரத்தான் செய்யும், அந்த ஜெல்லே அப்படித்தான். நல்லா காய விட்டுச் சட்டையைப் போட்டுக்கோங்க. அப்புறம் சட்டையில்லாம உலாத்தாதீங்க. முக்கியமான விஷயம், தடவின தோள்ல யாரையும் சாய விடாதீங்க. பேரப்பிள்ளையைத் தூக்கவே தூக்காதீங்க. ஒட்டிக்கும். ஆமா, உங்களுக்கு எழுதிக் குடுத்த ஹார்மோன் அதுங்க உடம்புக்கும் போயிடும். சரிங்க, வெச்சுடறேன்."

டாக்டரம்மாவின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவே அந்தரத்தில் நின்றது.

"யாரும்மா அது?"

"வாடிக்கையாளர்."

"பேரு?"

"பேரைச் சொன்னா நாளைக்கு ஈ காக்காகூட என் கடைக்கு வராது."

"எங்க சாரா?"

"உங்க சார் எப்படி இருப்பார்னே எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன். சாப்பிடு."

"அந்த ஜெல்லை எதுக்கும்மா போடறாங்க?"

"வயசாக ஆக ஆம்பளைங்க சிலருக்கு அந்த ஆண் ஹார்மோன் சுரப்பு கொறைஞ்சுடும். ஆளு சோர்ந்து போயிடுவாரு, எதுலயும் பிடிப்பே இருக்காது. டாக்டர் ரத்தத்தைப் பாத்து எழுதிக் குடுப்பாரு. சிலபேரு போட ஆரம்பிச்சதும் புது மாப்பிள்ளையாட்டம் ஆயிடுவாங்க. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்லை. ஆனா கடைக்கு வந்தா மட்டும் வாயைத் திறக்க மாட்டாங்க, ரெண்டு தடவை இருமுவாங்க. அந்த இருமலை வெச்சே நான் எடுத்துக் குடுத்துடுவேன்."

"அம்மா, குருவி சாஞ்சாலும் ஒட்டிக்குமா?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "டப்பாவுல குழந்தைன்னு போட்டிருக்கு, பொம்பளைங்கன்னு போட்டிருக்கு. குருவின்னு போடலை. ஏன்டி?"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவில்லை. புரையேறி, தண்ணீர் குடித்து, அந்தத் தண்ணீருக்கும் புரையேறி, மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். சோர்ந்த முகம், தாவி ஏறிய படிகள், ஆரஞ்சுச் சட்டை, தாழ் போட்ட அறை, பனியன், தோள், அந்தத் தோளைக் கொத்திக் கொத்தி விளையாடும் நீலக்கால். எல்லாம் ஒரே வரிசையில் வந்து நின்று கையைத் தூக்கின. குழாய் மாறவில்லை. அவள் கை தவறவில்லை.

பிறகு இன்னொரு விஷயம் உறைத்ததும் சிரிப்பு சட்டென்று நின்றது. இதை நிரூபிக்க வேண்டுமென்றால் தன் பேராசிரியரிடம் போய், சார், நீங்கள் தோளில் ஆண் ஹார்மோன் தடவிக்கொள்கிறீர்களா என்று கேட்க வேண்டும். அதற்கு இன்னும் மூன்று வருஷம் குருவிக்கு விதை போடுவது மேல் என்று தோன்றியது.

விஷயத்தைக் கேட்ட அம்மா சிரிக்கவில்லை, தொழில் தர்மம். "அவரைப் பத்திக் கேக்காதே. குருவியைப் பத்திப் பேசு," என்றாள். "ஆம்பளைங்க தன் உடம்பைப் பத்திக் கேட்டா கதவைச் சாத்திடுவாங்க. அடுத்தவங்க உடம்புன்னா ஜன்னலையும் திறந்து வெச்சுட்டுப் பேசுவாங்க."

மறுநாள் பேராசிரியர் பறவை அறையில் பனியனோடு நின்று சீட்டியடித்துக்கொண்டிருந்தார். இடது தோளில் நீலக்கால் உட்கார்ந்து, அவர் தோலைச் செல்லமாகக் கொத்திக்கொண்டிருந்தது. டாக்டரம்மா ஒரு மூச்சை இழுத்து விட்டாள்.

"சார், ஒரு அனுமானம் இருக்கு."

"சொல்லுங்கம்மா, அனுமானம்தானே அறிவியலோட ஆரம்பம்."

"ஊசி போடாம, குழாய் வைக்காம, ஒரு பறவை உடம்புக்குள்ள ஹார்மோன் போக முடியுமா சார்?"

"போகலாமே. தோல்ல தடவினா போகும், தின்னாலும் போகும்."

"பறவைக்கு யாரும் தடவலைன்னு வைங்க. அது உக்கார்ற எடத்துல தடவியிருந்தா?"

"எடம்னா? கிளையிலயா?"

"கிளைன்னே வெச்சுக்கலாம் சார்."

"எந்தக் கிளை?" அவருக்கு உண்மையாகவே ஆர்வம் வந்துவிட்டது. ஒவ்வொரு கூண்டாகக் குனிந்து பார்த்தார்.

"கூண்டுக்குள்ள இல்லை சார். வெளிய இருக்கற கிளை." அவள் விதைக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கொஞ்சம் வயசான கிளை. ஆனா இப்பல்லாம் நல்லா துளிர்த்திருக்கு."

சீட்டி நின்றது. பேராசிரியர் நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் இரண்டு தடவை இருமினார்.

சீட்டி நின்றதைப் பார்த்துவிட்டு, இதுதான் தருணம் என்று நீலக்கால் அவருடைய காதுக்குள்ளேயே ஒரு முழுப் பாட்டையும் பாடி முடித்தது. அவர் அதை நகராமல் கேட்டார்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் கிளைக்கும் மட்டும்தான் சார்." அம்மாவை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. மருந்துக்கடைக்காரர்கள் கணக்கில் வரமாட்டார்கள்.

பேராசிரியர் நீலக்காலைக் கூண்டில் விட்டு, ஆணியில் மாட்டிய சட்டையை எடுத்துப் போட்டு, கழுத்துப் பொத்தானையும் சேர்த்து மாட்டிக்கொண்டார். "வீட்டுல தெரிஞ்சா என் வீட்டுக்காரியும் மச்சினனும் சேர்ந்து ஓட்டியே கொன்னுடுவாங்க. அதான் ஆபீஸ்ல வெச்சுத் தடவிக்கறேன்."

"அது சரி சார். சும்மாப் பறவைங்களை ஏன் சார் தோள்ல ஏத்தினீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "மருந்துப் பறவைங்களுக்கு மருந்தும் கெடைச்சுது, பாட்டும் கெடைச்சுது. இதுங்களுக்குக் காலிக் குழாயை வெச்சுத் தைச்சு விட்டுட்டோம். ஒண்ணுமே குடுக்கலையேன்னு பாவமா இருந்துச்சும்மா."

எந்த ஒன்றைக் கொடுக்கக் கூடாது என்று ஊரைக் கூட்டிப் பரிசோதனை செய்தார்களோ, அதையே அவர் கருணையின் பேரால் கொடுத்துத் தீர்த்திருந்தார். அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கொத்துத் தழும்புகளோடு அவர் தோள் சட்டைக்குள் ஒளிந்துகொண்டிருந்ததைப் பார்த்தபோது சிரிப்புதான் வந்தது. அதை அவளும் இருமலாக மாற்றிக்கொண்டாள்.

"உங்க கையைத்தான் சந்தேகப்பட்டேன். தப்பு என்மேல," என்றார் பேராசிரியர். "என்ன பண்ணணுமோ பண்ணுங்க. என் பேரு மட்டும் வெளிய வராம பாத்துக்கோங்கம்மா."

அவள் வாக்குக் கொடுத்தாள்.

தேர்வு சில வாரங்கள் தள்ளிப்போயிற்று. பேராசிரியர் பறவை அறையின் வாசலை மிதிக்கவில்லை. முதலில் வெள்ளைக்காலின் பாட்டு சுருங்கியது, பிறகு சிவப்புக்கால். நீலக்கால்தான் பிடிவாதம், இருந்தாலும் அதுவும் ஒருநாள் பாதிப் பாட்டில் நிறுத்தி, அடுத்த அடி மறந்துபோனவளாய் விதை பொறுக்கப் போய்விட்டது. ரத்தத்தில் ஹார்மோன் வடிந்தது. மூளைக் குமாஸ்தாக்கள் பேனாவை மூடி வைத்துவிட்டார்கள். துளியூண்டு ஹார்மோன் தோல் வழியாகப் போனாலே பாட்டுக் கோப்பு திறக்கிறது, அது நின்றால் மூடிக்கொள்கிறது என்று டாக்டரம்மா புது அத்தியாயமே எழுதிச் சேர்த்தாள்.

"ஐயா நிறுத்திட்டாரு போலிருக்கு," என்றார் பறவை அறை அண்ணன் திருப்தியோடு. "குருவியும் தெளிஞ்சிடுச்சு."

தேர்வு நாளன்று வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற ரகம். கூடம் நிறைந்திருந்தது. அண்ணன்கூடக் கடைசி வரிசையில் இடம்பிடித்திருந்தார். எல்லாம் வழவழவென்று போய்க்கொண்டிருந்தபோது, புது அத்தியாயத்தில் தேர்வாளரின் விரல் நின்றது.

"வெளி மூலத்துலேருந்து ஹார்மோன் வந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. அது என்ன வெளி மூலம்?"

"தோல் வழியா சார்."

"யாரோட தோல்?"

டாக்டரம்மா முன்வரிசையைப் பார்த்தாள். பேராசிரியர் தன் காலணிகளை முதல்முறையாகப் பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதை மட்டும் சொல்ல முடியாது சார்."

"அப்போ என்னாலயும் முடியாது." தேர்வாளர் ஆய்வேட்டை மூடினார். "மூலம் தெரியாம இந்த அத்தியாயம் நிக்காது. இந்த அத்தியாயம் இல்லாம உங்க மௌனப் பறவைங்களை நம்ப முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் யோசித்தாள். எதிர்வீட்டுக்காரரின் முழங்கால் ஞாபகம் வந்தது. இன்னும் சில வருஷத்துக்கு வெறும் பேச்சளவில் டாக்டரம்மாவாகவே இருக்க வேண்டியதுதான்.

"வாக்குக் குடுத்துட்டேன் சார். மன்னிக்கணும்."

முன்வரிசையில் யாரோ இரண்டு தடவை இருமினார்கள்.

பேராசிரியர் எழுந்து நின்றார். "என் தோள்தான்," என்றார். "டாக்டர் எழுதிக் குடுத்த ஜெல். தினமும் தடவிக்கறேன். பறவைங்களைத் தூக்கி வெச்சுக் கொஞ்சினதும் நான்தான். இந்தப் பொண்ணு கண்டுபிடிச்சிருக்காட்டி இவ மேலயே பழியைப் போட்டிருப்பேன்."

கடைசி வரிசையிலிருந்து அண்ணனின் குரல் தெளிவாகக் கேட்டது.

"அப்போ அது சரக்கு இல்லையா?"

முதலில் சிரித்தது பேராசிரியர்தான். பிறகு கூடமே உருண்டது. தேர்வாளர் மட்டும் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்துகொண்டு முன்னால் சாய்ந்தார்.

"காஞ்சதுக்கப்புறமும் ஒட்டுமா?"

"தோள் திறந்து கெடந்தா ஒட்டும் சார்," என்றாள் டாக்டரம்மா.

"சோப்பு போட்டுக் கழுவினா?"

"நல்லா கொறையும் சார்."

"மேல சட்டை, அதுக்கு மேல கோட்டு இருந்தா?"

"பயமில்லை சார்."

அதுவரை எந்தப் பதிலையும் குறித்துக்கொள்ளாதவர் இவற்றை மட்டும் குறித்துக்கொண்டார். பிறகு ஆய்வேட்டைத் திறந்து கையெழுத்திட்டு, பறவைகளை நேரில் பார்க்க வேண்டும் என்றார்.

பறவை அறை வழக்கம்போல வெதுவெதுப்பாக இருந்தது. தேர்வாளர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். உள்ளே மெல்லிய சட்டைதான். அண்ணன் கூண்டைத் திறந்தார். வாரக்கணக்காகத் தோள் காணாத நீலக்கால் வெளியே வந்து, பேராசிரியரை ஒரு சுற்றுச் சுற்றியது. அவர் கழுத்துப் பொத்தான் வரை மாட்டியிருந்தார். அது திரும்பித் தேர்வாளரை நோக்கிப் பறந்தது.

அந்த வயதில் ஒருவர் அவ்வளவு தூரம் பின்னால் தாவி அவள் பார்த்ததில்லை. தேர்வாளர் இரண்டு கைகளாலும் இரண்டு தோள்களையும் பொத்திக்கொண்டு, விதை மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றார்.

"வேண்டாம்," என்றார். "தோள்ல மட்டும் வேண்டாம்." சொல்லிவிட்டு இரண்டு தடவை இருமினார்.

பேராசிரியர் டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா கூரையைப் பார்த்தாள். கூரையில் ஒன்றுமில்லை, இருந்தாலும் வெகுநேரம் பார்க்க வேண்டியிருந்தது. பேராசிரியர் ஆணியிலிருந்த கோட்டை எடுத்துப் போய், உடன்பிறந்தவருக்குப் போர்த்துவது போலத் தேர்வாளரின் தோள்களில் போர்த்திவிட்டார்.

"வாழ்த்துகள், டாக்டர்," என்றார் தேர்வாளர், மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து.

நீலக்கால் மூட்டையின் மேல் உட்கார்ந்து எல்லோரையும் ஒருமுறை பார்த்தது. பிறகு, செய்ய வேண்டியது அவ்வளவுதான் என்பதைப் போல, சும்மா இருந்தது.